கேள்வி கேட்க வைத்த பாடத்தை ஏன் எடுத்தீர்கள்? – என்.சி.இ.ஆர்.டி.க்கு ஒரு திறந்த மடல்

என்.சி.இ.ஆர்.டி. இயக்குநர் அவர்களுக்கும், அறிவியல் பாடநூல் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

நான் தமிழ்நாட்டில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிற ஆசிரியை. உங்கள் புத்தகத்தை வைத்துத்தான் நடத்துகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம், 2023இல் வந்த புத்தகத்தில் ‘மரபு’ என்று மட்டும் ஆகிவிட்டது. பரிணாமம், புதைபடிவங்கள், உயிரினங்களுக்கு இடையே உள்ள உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற பகுதி, மனிதனின் தோற்றம், டார்வினைப் பற்றிய பெட்டிச் செய்தி எல்லாம் போய்விட்டன.

இத்தனை நாள் கழித்து ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். புதிய கலைத்திட்டச் சட்டகத்தின்படி, அதாவது பாடங்கள் எப்படி அமைய வேண்டும் என்ற தேசிய வழிகாட்டியின்படி, வகுப்பு வகுப்பாகப் புத்தகங்களை மாற்றிக்கொண்டு வருகிறீர்கள். 2005 சட்டகத்தின்படி எழுதப்பட்ட புத்தகங்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடின. இந்தத் தடவையும் விட்டுவிட்டால் ஒரு தலைமுறை முழுவதும் இந்த ஓட்டையோடுதான் பள்ளியை விட்டு வெளியே போகும்.

1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் 2023 ஏப்ரலில் உங்களுக்குக் கையெழுத்திட்டு எழுதினார்கள். அந்தக் கடிதத்தில் டார்வின் ஏன் முக்கியம் என்பது நன்றாகவே சொல்லப்பட்டிருந்தது. நான் எழுதுவது அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விஷயம். அந்தப் பாடம் வகுப்பறையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, அது போன பிறகு அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்கிறது என்பது. இதை டெல்லியில் இருந்து பார்ப்பது கஷ்டம். கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியும்.

பழைய புத்தகத்தில் வண்டுகளின் கதை ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? புதரில் சிவப்பு வண்டுகள். காகம் பார்த்துப் பார்த்துத் தின்கிறது. ஒரு வண்டு பச்சையாகப் பிறக்கிறது. இலையோடு இலையாகக் கலந்துவிடுவதால் காகத்தின் கண்ணில் படவில்லை. அதன் வாரிசுகள் பெருகுகின்றன. அடுத்த கதையில் நீல வண்டு. அதற்கு அப்படி எந்த அனுகூலமும் இல்லை. ஆனால் ஒரு யானை வந்து புதரை மிதித்துவிடுகிறது, தற்செயலாகத் தப்பிய வண்டுகளில் பெரும்பாலானவை நீலம். மூன்றாவதில், செடிகளுக்கு நோய் வந்து வண்டுகளுக்குத் தீனி குறைகிறது, எடை குறைகிறது, ஆனால் அந்த மெலிவு வாரிசுக்குப் போவதில்லை. மூன்றே கதை. இயற்கைத் தேர்வு, தற்செயல், வாழ்நாளில் வந்த மாற்றத்துக்கும் பிறவிப் பண்புக்கும் உள்ள வித்தியாசம், மூன்றையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைத்துவிடும். அதை எழுதியவர் யாரோ, அவரை நான் மானசீகமாகப் பலமுறை கும்பிட்டிருக்கிறேன்.

அந்தக் கதையை நடத்தும்போது வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும். “காகத்துக்கு நிறம் தெரியுமா மிஸ்?” “பச்சை வண்டு காய்ஞ்ச இலை மேல உட்கார்ந்தா?” “யானை மிதிச்சதுல தப்பிச்சா அது எப்படி மிஸ் திறமை?” இந்தக் கேள்விகள் எதுவும் கைடில் இல்லை. பதிலும் இல்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?” இந்தப் பாடத்தில் மட்டும் வேறு கேள்வி வந்தது. எடுத்துவிட்டீர்கள்.

நீக்கியதற்கு நீங்கள் சொன்ன காரணங்களைப் படித்தேன். கொரோனாவால் பாடச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது, வேறு வகுப்பில் இதே பாடம் இருக்கிறது, கடினமானது, ஆசிரியரின் துணை அதிகம் இல்லாமல் பிள்ளைகளே கற்றுக்கொள்ளக்கூடியது, இன்றைய சூழலுக்குப் பொருந்தாதது. பாடங்களைக் குறைக்க நீங்கள் வகுத்த பொது அளவுகோல்கள் இவை. பரிணாமம் இதில் எதில் அடங்கியது என்று சொல்லவில்லை.

வேறு வகுப்பில் இருக்கிறது என்பது உண்மைதான். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறது. உயிரியல் பிரிவு எடுத்தவர்களுக்கு. என் வகுப்பில் பத்து முடித்துவிட்டு வணிகவியலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் போகிற பிள்ளைகள் தங்கள் வாழ்நாளில் உயிரியல் வகுப்பில் உட்காருவது பத்தாம் வகுப்போடு முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினருக்கு இது கடைசி வாய்ப்பு. இதற்கு முந்தைய படியையும் அதே கையோடு எடுத்திருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பில் உயிரினங்களின் வகைப்பாட்டைச் சொன்ன பாடமும் அப்போது போனது, நாம் ஏன் நோயுறுகிறோம் என்ற பாடமும் போனது. தனிம வரிசை அட்டவணை பத்தாம் வகுப்பிலிருந்து போனது தனிக் கதை. வேதியியல் நடத்துகிற சக ஆசிரியர் அதற்குத் தனியாக ஒரு மடல் எழுதட்டும்.

கொரோனா காரணம் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2020 இறுதியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு திரிபுக்கு 2021 மே மாதம் டெல்டா என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் ஒமிக்ரான். வைரஸ் ஏன் மாறுகிறது, மாறியதில் எது பரவுகிறது, முதலில் போட்ட தடுப்பூசிக்கு ஏன் பலம் குறைகிறது என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். இயற்கைத் தேர்வைக் கண்முன்னே பார்த்த முதல் தலைமுறை மாணவர்கள் இவர்கள். அதைச் சாக்காக வைத்து அந்தப் பாடத்தையே எடுத்ததற்கு என்ன பெயர் சொல்வது? உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாடு நம்முடையது. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி ஏன் மருந்துக்கு அடங்காததாக ஆகிறது என்பதை வண்டுக் கதையை வைத்துத்தான் நான் விளக்குவேன். இன்றைய சூழலுக்குப் பொருந்தாத பாடமாம்.

சுமை என்கிறீர்கள். 1993இல் யஷ்பால் குழு ‘சுமையில்லாக் கற்றல்’ என்று ஓர் அறிக்கை கொடுத்தது. பையின் கனத்தைவிட மோசமான சுமை புரியாமல் படிப்பதுதான் என்று அதில் தெளிவாகவே சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் பரிணாமம் சுமையைக் குறைக்கிற பாடம். திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளும் வௌவாலின் இறக்கைக்குள்ளும் நம் கைக்குள்ளும் ஏன் ஒரே மாதிரி எலும்பு வரிசை இருக்கிறது? தவளைக்கு மூன்று அறை இதயம், நமக்கு நான்கு அறை என்று ஏன் படிக்க வேண்டும்? காரணம் தெரிந்தால் இவை ஒரே கதையின் பக்கங்கள். காரணத்தை எடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் உருப்போட வேண்டிய தனித்தனிக் குறிப்பு. நீங்கள் சில பக்கங்களைக் குறைத்து, மனப்பாடத்தைக் கூட்டியிருக்கிறீர்கள்.

இந்த மனப்பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மத அடிப்படைவாதம் பள்ளிக்குள் வருகிறது என்று கவலைப்படுகிறவர்கள் எல்லோரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது உட்காருவதற்கான நாற்காலியை நாமே அறிவியல் வகுப்பில் போட்டு வைத்திருக்கிறோம்.

ஒரு பத்தாம் வகுப்புச் செய்முறை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மழை விடாத ஒரு வாரம். இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மணி பிளான்ட் இலையை ஆல்கஹாலில் சூடாக்கி, பச்சையம் போன பிறகு அயோடின் விட்டால் நீலக்கருப்பாக வர வேண்டும். ஒரு குழுவுக்கு வரவில்லை. இலை பழுப்பாகவே கிடந்தது. ஆனால் ரெகார்ட் நோட்டில் ‘இலை நீலக்கருப்பாக மாறியது’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். “மாறலையேம்மா, இங்க பாரு” என்றேன். “புக்ல மாறும்னுதானே மிஸ் இருக்கு” என்றாள் அந்தப் பெண். அவள் பொய் சொல்லவில்லை. பித்தலாட்டம் செய்யும் பிள்ளையும் இல்லை, வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. கண்ணால் பார்த்ததும் புத்தகம் சொன்னதும் வேறுபட்டால் எதை விட வேண்டும் என்று பத்து வருடமாக நாம் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள், அவ்வளவுதான்.

இலை ஏன் மாறவில்லை என்று அவள் கேட்டிருந்தால் அது அந்த வருடத்தின் சிறந்த வகுப்பாக இருந்திருக்கும். நாள் முழுக்க மூட்டமாக இருந்ததா? அயோடின் பழசா? இலையின் வெள்ளைப் பகுதியை எடுத்தோமா? பச்சையம் முழுக்கப் போகவில்லையா? ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது? அறிவியல் என்பது இந்தக் கேள்விகள்தானே. ஆனால் மதிப்பெண் திட்டத்தில் ‘மாறவில்லை’ என்ற பதிலுக்கு மார்க் கிடையாது. அவளுக்கு அது தெரியும்.

புத்தகத்தில் இருந்தால் சரி என்று பழகிய பிள்ளையின் கையில் நாளை வேறொரு புத்தகத்தைக் கொடுத்தால் அதையும் அப்படியே ஏற்கும். எந்த மதத்தின் புத்தகம் என்பது கொடுப்பவரைப் பொறுத்தது. ‘மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்’ என்பதை ஏன், எப்படித் தெரியும் என்று கேட்காமல் நூறு முறை சொல்லிப் பழகிய வாய்க்கு, ‘எல்லாம் எங்கள் வேதத்திலேயே இருக்கிறது’ என்று சொல்லவும் அதிகப் பயிற்சி தேவைப்படாது. இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான்: கேட்காதே, ஒப்பி. இதில் நான் எங்கள் ஊரையும் விடவில்லை. பகுத்தறிவைப் பற்றி யாரோ எழுதிக்கொடுத்ததை உருப்போட்டு, மூச்சு விடாமல் ஒப்பித்துப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திறன் சார்ந்த கேள்விகள் கொண்டு வந்துவிட்டோமே என்பீர்கள். வந்தன, நல்ல எண்ணத்தோடுதான் வந்தன. வினாத்தாளில் பாதி அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கும் கொஸ்டின் பேங்க் வந்துவிட்டது. கூற்று–காரணம் வகைக் கேள்விக்கு எந்த ஆப்ஷனை எப்போது குறிப்பது என்று தந்திரம் சொல்லித்தரும் வீடியோக்கள் வந்துவிட்டன. சிந்திக்க வைக்கும் கேள்வியையும் மனப்பாடம் செய்யும் அளவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துவிட்டோம். விடைத்தாள் திருத்தும் இடத்தில் ‘வேல்யூ பாயின்ட்’, அதாவது மதிப்பெண் திட்டத்தில் குறித்த சொல், இருக்கிறதா என்று தேடுகிறோம். சொந்த வார்த்தையில், சரியாக, ஆனால் அந்தச் சொல் இல்லாமல் எழுதிய பிள்ளைக்கு அரை மார்க் போகிறது. அதற்கப்புறம் அது சொந்த வார்த்தையில் எழுதுமா?

சரி, பரிணாமத்துக்கு வருகிறேன். இந்தப் பாடத்துக்கு எதிர்ப்பு ஒரு மதத்திலிருந்து மட்டும் வருவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் மூன்று பக்கமும் கேட்டிருக்கிறேன். “ஆறு நாளில் படைத்தார் என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம், நீங்கள் இப்படிச் சொன்னால் பிள்ளை குழம்புகிறது டீச்சர்” என்றார் ஓர் அப்பா. “ஆதமைப் பற்றி இப்படிப் பேசலாமா?” என்று ஓர் அம்மா, மரியாதையாகத்தான் கேட்டார். “மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம்… டார்வினுக்கு முன்னாலேயே நாங்கள் சொல்லிவிட்டோமே மேடம்” என்று இன்னொருவர். அவர்கள் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் அவர்கள் எதை நம்புகிறார்கள் என்பது அவர்கள் உரிமை. பள்ளி நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்டபோதும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: “சார், இது சிலபஸில் இருக்கிறது. போர்டு எக்ஸாமில் கேட்பார்கள்.” அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நீங்கள் எடுத்தது அந்த ஒரு வரியை. பாடநூல் எனக்குக் கேடயமாக இருந்தது. இப்போது வகுப்பில் ஒரு பிள்ளை தானாகக் கேட்டு நான் பரிணாமத்தைப் பற்றிப் பேசினால், அது ‘போர்ஷனுக்கு வெளியே’. “சிலபஸில் இல்லாததை ஏன் எடுக்கிறீர்கள்?” என்று ஒரு பெற்றோர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தனியார் பள்ளியில் ஒரு ஆசிரியையின் வேலை எவ்வளவு கெட்டியானது என்று உங்களுக்குத் தெரியாதா?

தசாவதாரம் பற்றிச் சொன்னவரிடம் நான் சண்டை போடவில்லை. உண்மையில் அந்த வரிசை முதுகெலும்பிகளின் பரிணாம வரிசையை ஓரளவு ஒத்திருப்பதை ஹால்டேனே சுட்டிக்காட்டியிருக்கிறார். ஜே.பி.எஸ். ஹால்டேன், 1957இல் இந்தியாவுக்கு வந்து, குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் இறந்த மரபியல் அறிஞர். அதே ஹால்டேன் சொன்னதாக வழங்கும் இன்னொரு பதிலும் உண்டு. பரிணாமக் கொள்கை தவறு என்று எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு, கேம்பிரியனுக்கு முந்தைய, அதாவது முயல் போன்ற விலங்குகள் தோன்றுவதற்கு வெகு காலம் முந்தைய, பாறையில் ஒரு முயலின் புதைபடிவத்தைக் காட்டுங்கள் என்றாராம். இந்த இடத்தில்தான் தசாவதாரக் கதையும் பரிணாமக் கொள்கையும் பிரிகின்றன என்று வகுப்பில் சொல்வேன். ஒரு கதை அழகாக இருக்கலாம், ஆழமாகவும் இருக்கலாம். ஆனால் அது தவறாக இருக்க வேண்டுமானால் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் உண்டா? இதை ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய புத்தகத்தில் உயிரின் தோற்றம் பற்றிய பெட்டிச் செய்தியில் ஹால்டேனின் பெயரும், அவர் பின்னாளில் இந்தியக் குடிமகன் ஆனதும் இருந்தன. அதுவும் போனதில் ஒன்று.

2018 ஜனவரியில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்து அறிக்கை விட்டன. அவர் கேட்ட அதே கேள்வியை ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி அது. மனிதன் சிம்பன்சியிலிருந்து வரவில்லை, இருவருக்கும் வெகு காலத்துக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது என்று உங்கள் பழைய புத்தகமே பதில் சொன்னது. பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதே என்று ஒரு தனிப் பகுதியே இருந்தது. அமைச்சரின் கேள்விக்கு விடை இருந்த பக்கங்களைத்தான் அகற்றியிருக்கிறீர்கள். தற்செயல் என்றால் அப்படியே சொல்லுங்கள், நம்பத் தயாராக இருக்கிறேன். ஆனால் எந்த நிபுணர்கள், எந்தக் காரணத்தால் என்று வெளியிடாத வரை நம்புங்கள் என்று நீங்கள் கேட்க முடியாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2023 அக்டோபரில் சந்திரயான்-3 பற்றி மாணவர்களுக்கு நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பாடத்தொகுப்பில், ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற சமஸ்கிருத நூலைக் காட்டி, அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் பறக்கும் வாகனங்களைப் பற்றிய அறிவு இருந்ததாக எழுதப்பட்டிருந்தது. விமர்சனம் வந்ததும், புராணங்கள் எண்ணங்களைத் தருகின்றன, எண்ணங்களிலிருந்து புதுமை பிறக்கிறது என்ற தோரணையில் கல்வி அமைச்சகம் அதற்கு வக்காலத்து வாங்கியது.

அந்த நூலை நம்முடைய ஆட்களே ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். 1974இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வானூர்தி, இயந்திரப் பொறியியல் ஆய்வாளர்கள் ஐந்து பேர். மொழியைப் பார்த்தார்கள், கையெழுத்துப் பிரதியின் வரலாற்றைப் பார்த்தார்கள், அதிலுள்ள விமானங்களின் வடிவம், எடை, பறப்பதற்கான விதிகள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. சொல்லப்பட்ட எந்த விமானமும் பறக்காது. ஆனேக்கலைச் சேர்ந்த சுப்பராய சாஸ்திரி என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது அது. ஒரு தகவல் வந்தால் அதை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? யாரையும் ஏளனம் செய்யாமல், பாரதப் பெருமையைக் கிண்டல் செய்யாமல், சான்றை மட்டும் பார்த்த ஆய்வு. சந்திரயானை அனுப்பிய நாட்டின் விஞ்ஞானிகள் செய்தது. அதில் ஒரு வரிகூட உங்கள் தொகுப்பில் இல்லை.

பெருமைக்குரிய பழமை வேண்டுமென்றால் காலடியிலேயே கிடக்கிறது. அரியலூரில் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் ஆய்வு வெளியானது. முழுக்க முழுக்க உண்மையான, தொட்டுப் பார்க்கக்கூடிய பழமை. எங்கள் மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பிலேயே உயிரின் தோற்றமும் பரிணாமமும் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை படிக்கிற இதை, மாதாமாதம் கட்டணம் கட்டி சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்ந்த என் மாணவி படிக்க முடியவில்லை.

மாநிலம் என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2024இல் சென்னை அரசுப் பள்ளிகளில் பேச அழைக்கப்பட்ட ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர், உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவம்தான் காரணம் என்ற பொருளில் மாணவிகள் முன் பேசினார். எழுந்து நின்று கேள்வி கேட்டவர் பார்வைத் திறன் இல்லாத ஓர் ஆசிரியர். அரசு தலையிட்டது, நடவடிக்கை எடுத்தது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது. ஆனால் எல்லாப் பேச்சாளரையும் வாசலிலேயே நிறுத்திவிட முடியாது. கைப்பேசியில் வருபவரை நிறுத்தவே முடியாது. “அதற்குச் சான்று என்ன சார்?” என்று ஒரு மாணவியே எழுந்து கேட்கும் நிலை வர வேண்டும். அந்தப் பழக்கத்தை வகுப்பில் கொடுக்காமல் வேறு எங்கே கொடுப்பது?

1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்ந்த 51ஏ(எச்) பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து அறியும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. இந்தக் கடமையைப் பிள்ளைகள் குடிமையியலில் உருப்போட்டு எழுதுகிறார்கள். மார்க் வாங்குகிறார்கள். எனக்குச் சில சமயம் சிரிப்பு வருகிறது, சில சமயம் வருவதில்லை.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலின் அடுத்த பதிப்பில் பரிணாமத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பெட்டிச் செய்தியாகவோ, தேர்வுக்கு உரியதல்ல என்ற குறிப்போடோ வேண்டாம். தேர்வில் கேட்கப்படாத பாடம் எங்கள் பள்ளிகளில் நடத்தப்படாது என்பது உங்களுக்கும் தெரியும். மனிதப் பரிணாமமும் புதைபடிவமும் சேர்த்தே வேண்டும். வண்டுக் கதையை மாற்றாமல் அப்படியே விடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் வகைப்பாடும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வேரில்லாமல் நிற்கும்.

இந்தப் பகுதியை நீக்கப் பரிந்துரைத்த குழுவில் யார் யார் இருந்தார்கள், என்ன காரணம் எழுதினார்கள், உயிரியலாளர்கள் யாரிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்பதை வெளியிடுங்கள். சான்று கேட்கச் சொல்லித்தர வேண்டிய நிறுவனம் தன் முடிவுக்குச் சான்று காட்டுவது நியாயம்தானே.

சந்திரயான் தொகுப்பில் உள்ள வைமானிக சாஸ்திரப் பகுதியை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்குப் பக்கத்தில் 1974 ஆய்வின் சுருக்கத்தை வையுங்கள். கீழே ஒரு கேள்வி போடுங்கள்: ‘இந்த நூல் பழமையானதா என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் எவற்றைச் சோதித்தார்கள்? நீ வேறு எதைச் சோதிப்பாய்?’ இந்த ஒரு பக்கத்துக்காக நான் இரண்டு வகுப்புகளைச் சந்தோஷமாக ஒதுக்குவேன்.

சி.பி.எஸ்.இ.யோடு பேசி, செய்முறையில் பிள்ளை உண்மையில் எதைக் கண்டதோ அதை எழுதினால் முழு மதிப்பெண் என்று எழுத்தில் கொடுங்கள். எதிர்பார்த்த விளைவு வராதபோது ஏன் வரவில்லை என்று யோசித்து எழுதும் பிள்ளைக்கு, உள்மதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணில் ஓர் இடம் ஒதுக்குங்கள். பொதுத் தேர்வில் ஒரு கேள்வியாவது ‘கொடுத்த சான்று போதாது’ என்பதே சரியான விடையாக இருக்கும்படி வையுங்கள். மதிப்பெண் திட்டத்தில், குறிப்பிட்ட சொல் இல்லாவிட்டாலும் கருத்து சரியாக இருந்தால் மதிப்பெண் தரலாம் என்று திருத்துபவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்களைப் போன்றவர்களுக்காக ஒன்று. மாணவர் கேட்கும் அறிவியல் கேள்விக்கு, அது அந்த ஆண்டின் பாடப்பகுதியில் இல்லாவிட்டாலும், ஏற்கப்பட்ட அறிவியலின்படி பதில் சொல்வது ஆசிரியரின் கடமை, அதற்காக எந்தப் பள்ளியும் அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 51ஏ(எச்) பிரிவைக் குறிப்பிட்டு ஒரு சுற்றறிக்கை வெளிவர வழிசெய்யுங்கள். ஆசிரியர் கையேட்டின் முதல் பக்கத்தில் அது அச்சாகட்டும். நிர்வாகத்தின் மேசையில் எடுத்து வைக்க எங்களுக்கு ஒரு தாள் வேண்டும்.

இதற்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்கள் இணையதளத்தில், எல்லா ஆசிரியர்களும் படிக்கும்படி, பத்தாம் வகுப்பின் அடுத்த அறிவியல் நூல் அச்சுக்குப் போகும் முன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு உயிரியல் ஆசிரியை ஒருவர்
தமிழ்நாடு